ஐல் ஆஃப் மேன் தீவில் திருவொற்றியூர் புல்லட்டைப் பார்த்தேன்: நம் பக்கமும் ஒரு பழைய பைக் ஊர்வலம் போகலாமா?

வார்ப்பிரும்பு (திருவொற்றியூர்)
ஞாயிறு, காலை 6:10

வணக்கம். மனதில் வைத்திருக்க முடியவில்லை, அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

போன ஆகஸ்ட் கடைசியில் மகளைப் பார்க்க மான்செஸ்டர் போயிருந்தேன். மருமகனுக்கு என் புல்லட் பைத்தியம் தெரியும். "மாமா, ரெண்டு நாள் எனக்குக் கொடுங்க" என்றார். ஹீஷம் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம், மூன்றே முக்கால் மணி நேரத்தில் டக்ளஸ். அதுதான் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவின் தலைநகர். கப்பலின் கீழ்த்தளத்தைப் பார்த்தபோதே எனக்குப் பேச்சு வரவில்லை. கார்களுக்கு நடுவே வரிசையாகப் பழைய மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றின் சீட்டுக்கு மேலும் மெத்தை போட்டு, அலையில் ஆடாமல் இருக்கக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

இந்தச் சின்னத் தீவுக்கு ஏன் இவ்வளவு பைக் என்று கேட்டால், பதில் சட்டத்தில் இருக்கிறது. 1903-ல் பிரிட்டனில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது என்றது. பொதுச் சாலையை மூடி ரேஸ் விடவும் அங்கே வழியில்லை. ஆனால் ஐல் ஆஃப் மேனுக்குத் தனி நாடாளுமன்றம் உண்டு, டின்வால்ட் என்று பெயர். அது சாலையை மூட அனுமதி கொடுத்தது. 1907-ல் முதல் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பைக் ரேஸ் நடந்தது. ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் சார்லி காலியர் ஜெயித்தார், சராசரி வேகம் 38 மைல் சொச்சம். 1911-ல் ரேஸை ஸ்னேஃபெல் மலையைச் சுற்றும் பாதைக்கு மாற்றினார்கள். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். ஊர் நடுவே, வீட்டுத் திண்ணையை உரசிக்கொண்டு போகிற பாதை. மருமகன் வாடகைக் காரில் ஒரு முழுச் சுற்று கூட்டிப்போனார். காரில் நிதானமாகப் போகும்போதே அந்த வளைவுகளில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

டக்ளஸிலிருந்து தெற்கே போகும் வழியில் தேவதைப் பாலம் என்று ஒரு குட்டிப் பாலம் இருக்கிறது. அதைக் கடக்கிற யாராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத தேவதைகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமாம். நாம் வடிவுடையம்மன் கோயிலைத் தாண்டும்போது ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து நெஞ்சில் வைப்போமே, அதே பழக்கம். நானும் வணக்கம் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீவின் வடக்கே ஜர்பி என்ற இடத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று இருக்கிறது. மேங்ஸ் கிராண்ட் பிரீ என்கிற பைக் ரேஸ் நடக்கும் நாட்களை ஒட்டி அங்கே பழைய பைக்குகள் கூடுகின்றன. விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் என்று 1946-ல் தொடங்கிய சங்கத்துக்காரர்கள் திரண்டு வருகிறார்கள். நான் எதிர்பார்த்தது கண்காட்சி. கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அங்கே ஒரு கயிறும் இல்லை. தொண்ணூறு, நூறு வயது வண்டிகளை உதைத்துக் கிளப்பி ஓடுதளத்தில் ஓட்டுகிறார்கள். எண்ணெய் சொட்டுகிறது, புகை வருகிறது, செயின் தளர்ந்து நிற்கிறது. உட்கார்ந்து சரிசெய்து மறுபடியும் ஓட்டுகிறார்கள். என்னைவிட மூத்த ஒரு பாட்டியம்மா பெல்ட்டில் ஓடும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, பிடித்துக்கொண்டதும் ஏறி உட்கார்ந்தார்.

அங்கேதான் பார்த்தேன். புல்வெளி ஓரத்தில் ஒரு கறுப்பு புல்லட் 350. டாங்க்கின் தங்கக் கோட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் கோட்டைக் கையால் இழுத்திருந்தார்கள், வளைவில் மெல்லியதாகி மறுபடியும் தடிக்கிற கோடு. என் நைனா திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் இஞ்சின் பிரிவில் முப்பது வருடம் வேலை செய்தவர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பெயிண்ட் பிரிவின் வாசலில் நின்று அந்தக் கோடு இழுப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். வண்டிக்காரரிடம் "இது மெட்ராஸில் செய்தது" என்றேன். "ஆமாம், எண்பதுகளில் வாங்கினேன், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது" என்றார். என் அப்பா அந்த ஆலையில் இஞ்சின் கோத்தவர் என்று சொன்னதும், அந்த மனிதர் சாவியை என் கையில் கொடுத்து "நீங்கள் கிளப்புங்கள்" என்றார். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, இஞ்சின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஸரை அழுத்தி, ஒரே உதை. அந்தச் சத்தத்தை ஒரு கடல் தாண்டி, இன்னொரு கடலுக்கு நடுவே கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன், மருமகன் பார்க்காத மாதிரி நின்றார்.

நான் கேட்க வந்தது இதுதான். அந்த வண்டி பிறந்த ஊர் நம்முடையது. அங்கே அதை ஓட்டுகிறார்கள். நம் தெருக்களில் எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது? வருடத்துக்கு ஒரு காலை, வட சென்னையிலிருந்து எல்லோரும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போனால் என்ன?

---

இரட்டை சைலன்சர் (ராயபுரம்)
ஞாயிறு, காலை 7:02

அண்ணே, படித்து முடித்ததும் கீழே போய் என் ஜாவாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மைசூரில் செய்தது, 1969. நான் தயார். புல்லட்டுக்கு மட்டும் என்று சொல்லிவிடாதீர்கள்!

---

வார்ப்பிரும்பு
ஞாயிறு, காலை 7:15

தம்பி, ஜாவா, எஸ்டி, ராஜ்தூத், லாம்பி, எது வேண்டுமானாலும் வரட்டும். சொந்தக் காலில் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான்.

---

பாயிண்ட் கேப் (கொருக்குப்பேட்டை)
ஞாயிறு, காலை 9:40

நான் மெக்கானிக். முப்பத்தைந்து வருடமாக வார்ப்பிரும்பு இஞ்சின் பார்க்கிறேன். அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இளம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் வந்தது. நம் ராணுவத்துக்கு எல்லையில் ஓட வண்டி தேவைப்பட்டது, புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள். முதலில் அங்கிருந்து பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவிகளும் இங்கே வந்தன, சில வருடங்களில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாரானது. 1967-ல் ரெட்டிச் ஆலையை மூடிவிட்டார்கள், 1970-ல் அந்த நாட்டில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தியே நின்றது. 1977-ல் நாம் அவர்களுக்கு ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தோம். அவர்கள் கைவிட்ட வண்டியை இருபது வருடத்துக்கு மேல் நம் ஊர் ஆட்கள் கட்டிக் காத்து, திருப்பி அவர்களுக்கே விற்றார்கள். அண்ணன் ஜர்பியில் பார்த்த வண்டி அப்படிப் போன வண்டியாகத்தான் இருக்கும். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஊர்வலத்துக்கு வருகிற எந்த வண்டியையும் முந்தின வாரம் என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், கூலி வேண்டாம்.

---

கன்டெய்னர் பயம் (எண்ணூர்)
ஞாயிறு, காலை 11:25

ஆசை நல்லதுதான், ஆனால் எந்தச் சாலையில்? எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய வண்டிக்கு டிரம் பிரேக். அதுவும் பழைய புல்லட்டில் பிரேக் இடது கால், கியர் வலது கால். இப்போதைய வண்டி ஓட்டிப் பழகின பையன் அவசரத்தில் கியரை மிதித்துவிடுவான். என் தம்பி அந்தச் சாலையில்தான் காலை இழந்தான். அதனால் கேட்கிறேன், கோபப்படாதீர்கள்.

தீவுத்திடலில் ஒரு நாள் நிறுத்தி வைத்து மக்களுக்குக் காட்டலாமே. கூவம் சுற்றி ஓடுகிறது, அதுவும் தீவுதான். 2024-ல் அதைச் சுற்றித்தான் 3.5 கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 ராத்திரி ரேஸ் நடத்தினார்கள். பாதுகாப்பாக, தடுப்பு போட்டு.

---

வார்ப்பிரும்பு
ஞாயிறு, மதியம் 12:10

தம்பிக்கு நடந்ததைக் கேட்டு மனது கனத்துவிட்டது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எண்ணூர் சாலை வேண்டாம், அதை இப்போதே விட்டுவிடுவோம்.

ஆனால் நிறுத்தி வைத்துக் காட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஓடாத இஞ்சினில் எண்ணெய் கீழே இறங்கிவிடும், சிலிண்டர் சுவர் காய்ந்துவிடும், நம் உப்புக் காற்றில் ரிங் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் நின்ற வண்டி பார்க்கத்தான் முழுசாக இருக்கும். ஜர்பியில் அந்த வண்டிகள் உயிரோடு இருப்பதற்குக் காரணமே வருடா வருடம் அங்கே ஓட்ட வேண்டும் என்று வீட்டில் அதைத் தயார் செய்வதுதான். ஊர்வலம் ஒரு காலை. அதற்கான வேலை மூன்று மாதம். எனக்கு வேண்டியது அந்த மூன்று மாதம்.

---

சோழவரம் கேலரி (செங்குன்றம்)
ஞாயிறு, மாலை 4:48

விமானத்தளம் என்றதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஜர்பி மாதிரியே நமக்கும் ஒன்று இருந்தது. சோழவரம்! அதுவும் இரண்டாம் உலகப்போருக்குப் போட்ட ஓடுதளம்தான். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்த பிறகு இங்கே எல்லாம் முடிந்துபோனது.

நான் செங்குன்றத்தில் பிறந்தவன். ரேஸ் வாரம் வந்தால் எங்கள் வீட்டில் பத்துப் பேராவது தங்குவார்கள். வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி மாமன் மச்சான் எல்லோரும் முந்தின இரவே வந்துவிடுவார்கள். அம்மா விடியற்காலையில் புளிசாதம் கட்டிக் கொடுப்பார். ஜி.என்.டி. சாலையில் கும்பல் கும்பலாக நடந்து போவோம். வெயிலில் கான்கிரீட் தளம் பளபளக்கும், தூரத்தில் வண்டி வருவது முதலில் தண்ணீரில் மிதப்பது மாதிரித் தெரியும், அப்புறம்தான் சத்தம் வந்து சேரும். மூங்கில் தடுப்பும் வைக்கோல் பொதியும்தான் பாதுகாப்பு. இன்று யாரும் அதை அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் ஜனங்கள் இஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டியின் பெயர் சொன்ன காலம் அது.

ஜர்பி இன்னும் இருக்கிறது, நம் சோழவரத்தைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை. ஊர்வலம் அந்த வழியாகப் போகட்டும் என்பது என் வேண்டுகோள். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சாலையில் ஒரு நிமிடம் நிற்போம்.

---

அப்பாவின் வண்டி (தண்டையார்பேட்டை)
ஞாயிறு, இரவு 9:30

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். இன்று எழுதத் தோன்றியது.

அப்பாவிடம் 1968 புல்லட் இருந்தது. எம்.எஸ். என்று தொடங்கும் பதிவெண். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, வண்டி மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. (முதல் பதிவில் தார்ப்பாய் என்று படித்ததும் எங்கள் வீட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.) பழைய இரும்புக்காரர் மாதம் ஒருமுறை விலை கேட்கிறார். போன வருடம் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். நாலு மாதம் வைத்திருந்து, கார்புரேட்டரை மாற்றிவிட்டோம் என்று பணம் வாங்கினார்கள். திரும்பி வந்தபோது பழைய கார்புரேட்டரும் இல்லை, வண்டியும் ஓடவில்லை. அதிலிருந்து யாரிடமும் கொடுக்கப் பயம்.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். இதை உதைத்துக் கிளப்ப என்னால் முடியுமா? என் எடை 52 கிலோ.

---

பாயிண்ட் கேப்
ஞாயிறு, இரவு 10:15

தங்கச்சி, முடியும். புல்லட் உதைப்பது எடையில் இல்லை, எந்த இடத்தில் உதைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பலசாலிகள் கண்மூடித்தனமாக உதைத்துக் காலை உடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வண்டியைத் தயார் செய்வோம். ஆறு வருடப் பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள், அதை வைத்து ஒரு உதை கூட உதைக்க வேண்டாம். டாங்க்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் ஒரு முழம் பழைய செயினைப் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு பேர் பிடித்துக் குலுக்கினால் உதிர்ந்துவிடும். பெட்ரோல் குழாயில் கார்க் இருக்கும், காய்ந்து சுருங்கியிருக்கும், மாற்ற வேண்டும். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரும் கார்க்கும் அதைத் தாங்காது. அதனால் ஓட்டி முடித்ததும் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை எரிய விட்டு அணைப்பது நல்லது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் இஞ்சின் உயிரோடு இருக்கிறது. ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் பாயிண்ட்டை நைஸ் தாளால் துடைத்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். அதோடு சேர்ந்த கண்டென்சர் பழையது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். பாதி வண்டிகள் அதனால்தான் சூடானதும் நின்றுபோகின்றன.

இப்போது உதைப்பது. சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். கால் இறுகி, முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்துங்கள். டிகம்ப்ரஸர் லீவரை அழுத்திக்கொண்டு இன்னும் ஒரு நூல், ஒரு அங்குலம் கூட வேண்டாம், கிக்கரை இறக்குங்கள். லீவரை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். இப்போது முழுசாக, நிதானமாக, பாதியில் காலை எடுக்காமல் கீழே வரை ஒரே உதை. ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள்.

போன கார்புரேட்டரை நினைத்து வருந்தாதீர்கள். என்னிடம் அந்தக் காலத்து ஒன்று இருக்கிறது. வண்டியை விற்காதீர்கள்.

---

ஆர்.சி. புத்தகம் (பெரம்பூர்)
திங்கள், காலை 8:20

அக்காவுக்கு ஒரு தகவல். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதியில் விண்டேஜ் வண்டிக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், அதனால் எம்.எஸ். போகாது.

ஒன்றைக் கவனியுங்கள். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான். தினமும் ஓட்ட ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

இரட்டை சைலன்சர்
திங்கள், காலை 8:55

ஆமாம், இங்கிலாந்துக்காரர்கள் 'விண்டேஜ்' என்றால் 1930 முடிவதற்குள் செய்தது என்று கறாராகச் சொல்வார்கள். 1915-க்கு முந்தையதற்கு 'வெட்டரன்'. ஆனால் அண்ணன் சொன்ன அந்த கிளப்பில் 25 வருடம் தாண்டிய எந்த வண்டியும் கலந்துகொள்ளலாம். நாமும் 25 என்றே வைத்துக்கொள்வோம்.

---

பழவேற்காடு படகு
திங்கள், மதியம் 1:30

அண்ணன்மார்களே, தீவு என்று பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் வாருங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை திட்டுகள் இருக்கின்றன! மீஞ்சூர், பொன்னேரி வழியாக வந்தால் பாலம் வரை நல்ல சாலை. டச்சுக்காரர்கள் கல்லறை இருக்கிறது, அதன் வாசல் தூண்களில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் இறால் தொக்கும் இட்லியும் செய்வார்கள்.

இரண்டு வேண்டுகோள். பனிக்காலத்தில் ஏரியில் பூநாரை இறங்கும். சைலன்சர் இல்லாத வண்டியை அப்போது ஏரிக்கரைக்குக் கொண்டுவராதீர்கள். அப்புறம் வண்டியைப் படகில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்காதீர்கள், அது ஆட்கள் போகும் படகு.

---

கன்டெய்னர் பயம்
திங்கள், இரவு 7:40

மணலி புதுநகர் தாண்டும் வரை லாரி இருக்கும், விடிவதற்குள் தாண்டிவிட்டால் பரவாயில்லை. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார் விளக்குப் போட்டு வந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன். பின்னால் வரும் காரை நானே ஓட்டுகிறேன். ஹெல்மெட் இல்லாதவர்களை நானே திருப்பி அனுப்புவேன். ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில் 1914-லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

---

வார்ப்பிரும்பு
செவ்வாய், காலை 5:55

எல்லோருக்கும் நன்றி. கார் ஓட்ட முன்வந்தவருக்குத் தனியாக.

இப்படி வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முன்பு வேண்டாம், பறவைகள் இருக்கும் மாதங்களும் வேண்டாம். பூநாரை கிளம்பின பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், சித்திரையில் ஒரு ஞாயிறு. காலை 4:30-க்குத் திருவொற்றியூர் தேரடி. மணலி, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. திரும்பும்போது பொன்னேரியிலிருந்து தச்சூர் வந்து சோழவரம். அங்கே ஐந்து நிமிடம் நிற்போம், செங்குன்றத்து அண்ணன் எந்த இடத்தில் என்று காட்டுவார். வேகம் 40-க்கு மேல் இல்லை. போட்டி இல்லை, பரிசு இல்லை, பேனர் இல்லை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுக்கும் வேலை என்னுடையது.

தண்டையார்பேட்டைத் தங்கச்சி, நீங்கள் முதல் வரிசை.

---

அப்பாவின் வண்டி
சனி, மாலை 6:20

அண்ணா, பட்டறையில் இருந்துதான் எழுதுகிறேன். டாங்க்கில் இருந்து அரை டம்ளர் துரு வந்தது. கருவிப் பெட்டிக்குள் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு, எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார் என்று 1991 வரை எழுதியிருக்கிறார். பதினோராவது உதையில் பிடித்தது. இரண்டு நிமிடம் ஓடி நின்றது, கண்டென்சர். அம்மா வீட்டிலிருந்து போன் செய்து சத்தத்தைக் கேட்டார், ஒன்றும் பேசவில்லை.

---

பாயிண்ட் கேப்
சனி, மாலை 6:45

நாளை புதுப்பேட்டை போகிறேன், கண்டென்சர் மூன்று வாங்குகிறேன். வேறு யாருக்கு என்ன வேண்டும் என்று ராத்திரிக்குள் எழுதுங்கள்.

---

இரட்டை சைலன்சர்
சனி, இரவு 8:10

ஜாவாவுக்குக் கிளட்ச் கேபிள் ஒன்று, அண்ணா. என்னுடையதில் பாதி நார் பிரிந்துவிட்டது.